கோடு பாத்தியா?

இல்ல சார், அந்தப் பேனாவை மட்டும் கொஞ்சம் கீழ வைங்க. வச்சுட்டுப் பேசுங்க. உங்க வேலையில குறுக்க வரணும்னு வரலை, சத்தியமா வரலை. தேடுறதை நிறுத்தியாச்சுனு எழுதின தாள் பத்து மணிக்கு மேலிடத்துக்குப் போகணும்னு வெளிய நிக்கிற டிரைவர் சொன்னாரு. இப்போ ஒன்பதே கால்தான் ஆகுது. எங்க அண்ணன் அந்தக் காட்டுக்குள்ள போய் இன்னியோட அஞ்சு நாள். அஞ்சு நாளுக்கு முன்னாடி முக்கால் மணி நேரம் என்ன சார் பெரிய விஷயம். என் பேச்சைக் கேட்டுட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க. கேட்டப்புறம் போட மாட்டீங்க.

தொண்டையா? ஒண்ணுமில்ல, கத்தினதுல கட்டிக்கிச்சு. காலா? அது முள்ளு. அதை விடுங்க. உக்காந்துக்கவா? நேத்தும் இந்த நாற்காலிதான். இல்ல, இன்னிக்கு டீ வேண்டாம் சார். நேத்து கொடுத்தீங்களே, அதுவே போதும்.

முழுசும் தேடியாச்சு, ஒரு புதர் விடலைனு இப்போ சொன்னீங்கல்ல. முழுசும். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் முப்பத்தோரு வருஷமா எடை போட்டுட்டு இருக்கேன். சும்மா பேச்சுக்குச் சொல்லலை, நெஜமாவே எடைதான். புத்தகக் கம்பெனியில அளவு பாக்குற வேலைனு ஞாயித்துக்கிழமை நான் சொன்னப்ப, ஏதோ துணி அளக்குற பொம்பளைனு நினைச்சீங்க. உங்க முகத்துலயே தெரிஞ்சுது. துணி இல்ல சார். ராஜ்யம்.

பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு அட்லஸ் போடுற கம்பெனி. கடைசிப் பக்கத்துல ஒரு அட்டவணை வரும் பாருங்க, அந்தக் காலத்துப் பேரரசெல்லாம் எவ்ளோ பெருசுனு, இத்தனை லட்சம் சதுர கிலோமீட்டர்னு. அதை யாரு அளந்தா? எந்த ராஜா டேப்பு வச்சு அளந்து எழுதி வச்சுட்டுச் செத்தான்? நாங்கதான் அளந்தோம். அண்ணனும் நானும். ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி. அவர் பழைய மேப்பைப் பாத்து கெட்டித் தாள்ல எல்லையை வரைவாரு, சின்னக் கத்திரியால மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வெட்டுவாரு. நான் தராசுல வைப்பேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குமே, மருந்துப் பொடி நிறுக்குற தராசு, அது. அதே தாள்ல பத்துக்குப் பத்து சென்டிமீட்டர்னு ஒரு சதுரம் வெட்டி அதையும் நிறுத்துக்குவோம். சதுரம் இத்தனை கிராம், ராஜ்யம் இத்தனை கிராம், அப்புறம் மேப்போட அளவை வச்சுப் பெருக்கினா பரப்பளவு வந்துரும். அவ்ளோதான் வித்தை. கம்ப்யூட்டர் வந்தப்புறமும் அண்ணன் இதை விடலை. மெஷின் சொல்றதைத் தராசு ஒத்துக்கணும்பாரு. மழைக்காலத்துல தாள் ஈரத்தை இழுத்துக்கும், எல்லா ராஜ்யமும் கொஞ்சம் வீங்கிடும். சண்டை போடாம நாடு பிடிக்கிறது நம்ம ஆபீஸ்ல மட்டும்தான்னு சொல்லிச் சிரிப்பாரு. அங்க அவருக்குப் பேரே சக்கரவர்த்தி. டீ கொண்டு வர்ற அம்மா கூட சக்கரவர்த்திக்குச் சக்கரை கம்மினு சொல்லித்தான் டம்ளரை வைக்கும்.

வரேன் சார், விஷயத்துக்குத்தான் வரேன். அந்தத் தாளைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்துங்க. 

ஒரு ராஜ்யம் எவ்ளோ பெருசுனு கேட்டா, முதல்ல அது எது வரைக்கும்னு தெரியணும்ல? வேலியா போட்டிருந்தான்? கடல் வரைக்கும் என்னுதுனு ராஜா கல்லுல வெட்டி வச்சிருப்பான். அவன் நதியையே தாண்டலை, பாதி வழியிலயே திரும்பி ஓடிட்டான்னு எதிரியோட புலவன் எழுதி வச்சிருப்பான். ரெண்டு பேரும் புளுகுறவங்க. நடுவுல நாங்க கத்திரியோட உக்காந்திருப்போம். எவ்ளோ வெட்டுறது? எங்களுக்குள்ள அடிதடி நடக்காத குறைதான். போன சனிக்கிழமையும் அதான் நடந்துச்சு. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராஜ்யம், பாதி பாலைவனம். பாலைவனத்தையும் சேத்து வெட்டுங்கனு நான் சொன்னேன். வேற யாரும் அது தன்னுதுனு சொல்லலையே, அப்போ இவனோடதுதானே? அண்ணன் கத்திரியை வச்சுட்டு என்னைப் பாத்தாரு. அங்க ஒருத்தன் மாட்டிக்கிட்டான்னு வச்சுக்கோ, காப்பாத்துங்கனு கத்துறான். ராஜாவோட ஆளு ஒருத்தனாவது வருவானா? வருவான்னா அது ராஜ்யம். வர மாட்டான்னா அது வெறும் கலரு, வெட்டித் தூரப் போடுனாரு.

அப்படிப் பாத்தா உலகத்துல எந்த ராஜ்யமும் இந்த மேசை அளவுக்குக் கூடத் தேறாதுனு நான் சொன்னேன். அவருக்குக் கோவம் வந்துருச்சு. எனக்கும் வந்துருச்சு. இன்னும் ஆறு மாசத்துல ஓய்வு பெறப் போற மனுஷன்கிட்ட, உங்களுக்கு வயசாயிருச்சு, கத்திரியை வச்சுட்டுக் கிளம்புங்கனு சொல்லிட்டேன். எப்பவும் ஒரே பஸ்லதான் வீட்டுக்குப் போவோம். அன்னிக்கு நான் முன்னாடி வந்த பஸ்ல ஏறிட்டேன். கண்ணாடி வழியாப் பாத்தா நிறுத்தத்துல குடையை ஊனிக்கிட்டு நிக்கிறாரு. கையாட்டுவாருனு பாத்தேன். ஆட்டலை. நானும் ஆட்டலை. அவ்ளோதான் சார், அதுக்கப்புறம் நான் அவரைப் பாக்கலை.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு நடக்கப் போனாரு. வாரா வாரம் போறதுதான். எட்டு மணிக்கெல்லாம் வந்துருவாரு, அண்ணி காபி கலந்து மூடி வச்சிருப்பாங்க. பத்தாச்சு, பதினொண்ணாச்சு, காபியில ஆடை கட்டிருச்சு, அண்ணி எனக்குப் போன் பண்ணினாங்க. மத்தியானம் இங்க வந்து நின்னா உங்க மேப்பு மடிப்பு மடிப்பாக் கிழிஞ்சு தொங்குது. பின்னாடி நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியலை. எங்க ஆபீஸ்ல நல்ல மேப்பு இருக்கு சார், கொண்டு வரேன்னு சொல்லிட்டு ஓடினேன். ஞாபகம் இருக்கா?

நல்லாவே ஞாபகம் இருக்கா. எனக்கும் இருக்கு. எவ்ளோ தூரம் போயிருப்பாருனு கேட்டீங்க. மணிக்கு மூணு கிலோமீட்டர் சார், அண்ணன் நடை எனக்குத் தெரியாதானு சொன்னேன். ரெண்டு மணி நேரம், அதிகபட்சம் ஆறு கிலோமீட்டர். அதுக்கு மேல போக மாட்டாரு. வழி தப்பிருச்சுனு தெரிஞ்சா அண்ணன் அலைய மாட்டாரு, அங்கேயே உக்காந்துருவாரு. சின்ன வயசுல நான் ஒரு தடவை சந்தையில தொலைஞ்சு போயிட்டேன். தொலைஞ்சா நின்ன இடத்துலயே நில்லு, நான் வருவேன்னு அன்னிக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவருதான். அப்புறம், வட்டத்துல ஒரு பாதி ஏரி. மிச்சம் பாதி வட்டம், ஐம்பத்தாறு சதுர கிலோமீட்டர்னு நான் பேப்பரே எடுக்காமச் சொன்னேன். நீங்க புருவத்தைத் தூக்கினீங்க. எனக்கு அந்த நேரத்துலயும் சார், அண்ணனைக் காணோம்னு நெஞ்சு அடிச்சுக்குது, அந்த நேரத்துலயும் கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. வெக்கமா இல்லாம சொல்றேன் பாருங்க.

மேப்புல ஒரு சென்டிமீட்டர்னா தரையில அரை கிலோமீட்டர். ஆறு கிலோமீட்டருக்குப் பன்னெண்டு சென்டிமீட்டர். நூலை அளந்து பென்சில்ல கட்டி, மேப்புல அண்ணன் வீடு இருக்குற இடத்துல குண்டூசியைக் குத்தி, சர்ருனு நான்தான் சுத்தினேன். அதோ, அந்தச் சுவத்துல இருக்குற சிவப்புக் கோடு. நான் போட்டது. நீங்க அதுல எந்தப் பாறை வரைக்கும், எந்தத் தண்ணித் தொட்டி வரைக்கும்னு அடையாளம் பாத்து ஆளுங்களைப் பிரிச்சு விட்டீங்க. ஐம்பத்தாறா, ஆறு நாள் ஆகும்மானு சொன்னீங்க. மூணே நாள்ல, செவ்வாய்க்கிழமை சாயங்காலமே, முடிஞ்சுருச்சு. நம்ம பசங்க வேகம்னு சொல்லி அவங்க முதுகுல தட்டிக் கொடுத்தீங்க. தட்டினீங்கல்ல? பசங்களைக் குறை சொல்லலை சார். பாவம், கையெல்லாம் கிழிஞ்சு வந்தாங்க. ஆனா ஆறு நாள் வேலை எப்படி மூணு நாள்ல முடிஞ்சுதுனு உங்களுக்கு ஒரு நிமிஷம் கூடத் தோணலையா?

இல்ல, கோவப்படாதீங்க. உங்களைக் கேக்கலை. என்னைத்தான் கேட்டுக்கறேன்.

மணி என்ன? இருபத்தஞ்சா. ஒரு பழைய கதை மட்டும் சொல்லிடறேன். கதை கேக்குற நேரமானு நினைப்பீங்க. இதைச் சொல்லாம மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் வேலைக்குச் சேந்த வருஷமே எங்க அட்லஸ்ல ஒரு ராஜ்யம் ரெண்டு மடங்காப் போயிருச்சு. குதிரைப்படை வச்சிருந்த ஒரு நடுத்தர ராஜ்யம். உடைஞ்ச கப்பு மாதிரி இருக்கும், அதனால அதுக்கு உடைஞ்ச கப்புனே பேரு வச்சிருந்தோம். அட்டவணையில பதினாலாவது இடத்துல இருக்க வேண்டியது ஆறாவது இடத்துல ஏறி உக்காந்துக்கிச்சு. நாலு பதிப்பு, பன்னெண்டு வருஷம். எத்தனை பிள்ளைங்க அதை எழுதி மார்க்கு வாங்கிச்சுங்களோ. ஒருத்தர் கண்டுபிடிக்கலையே! கடைசியில அண்ணன்தான் பழைய டிராயரைக் கிளறுறப்ப கண்டுபிடிச்சாரு. என்னாச்சுனா, மூல மேப்பு சின்னது. வெட்ட வசதியா இருக்கட்டும்னு ஜெராக்ஸ்ல பெருசு பண்ணியிருக்கு. மேப்பு பெருசாயிருச்சு, ஆனா ஓரத்துல அச்சடிச்சிருக்குமே, ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு, அந்த நம்பர் மாறுமா? மெஷினுக்கு என்ன தெரியும். நம்பர் பழைய நம்பராவே நிக்கும். அதை நம்பிக் கணக்குப் போட்டா போச்சு.

போட்டது யாரா? வேற யாரு. நான்தான்.

அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம முதலாளி அறைக்குப் போய், தப்பு என்னுதுனு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டாரு. அந்த வருஷம் அவர் பிரிவுத் தலைவர் ஆகியிருக்கணும். ஆகலை. இன்னிக்கு வரைக்கும் அதே நாற்காலிதான். என்னைத் திட்டக் கூட இல்லை. ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. நம்பரை நம்பாதே, கோட்டை நம்புனாரு. எல்லா மேப்புலயும் மூலையில ஒரு சின்னக் கோடு இருக்கும் சார், இவ்ளோ நீளம்னா ஒரு கிலோமீட்டர்னு காட்டுறதுக்கு. மேப்பைப் பெருசாக்கினா கோடும் கூடவே பெருசாகும், சின்னதாக்கினா சின்னதாகும். அது பொய் சொல்லாது. எந்த மேப்பு கைக்கு வந்தாலும் முதல்ல ஸ்கேலை எடுத்து அந்தக் கோட்டுல வைக்கணும். அன்னிலேருந்து ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மேப்புக்கும், எதிர் நாற்காலியிலேருந்து அவர் கேப்பாரு, கோடு பாத்தியா? பாத்தாச்சுனு நான் சொன்னாத்தான் கத்திரியை எடுப்பாரு. பத்தொன்பது வருஷம் சார். எனக்கு எரிச்சலா வரும். சாப்பிட்டியானு கேட்டதில்லை, தூங்கினியானு கேட்டதில்லை, கோடு பாத்தியா கோடு பாத்தியானு.

இந்தாங்க ஸ்கேலு. என் பையில எப்பவும் இருக்கும். எந்திரிச்சுப் போய் அந்தச் சுவத்து மேப்புல வைங்க. வலது பக்கம், கீழ் மூலை. ஒரு கிலோமீட்டர்னு எழுதி ஒரு கோடு இருக்கு பாருங்க. ஒரு சென்டிமீட்டருக்கு அரை கிலோமீட்டர்னா அந்தக் கோடு ரெண்டு சென்டிமீட்டர் இருக்கணும். ஆமா, நேரா ரெண்டு. அதுக்கு மேலயும் இல்லை, கீழயும் இல்லை. வச்சுட்டீங்களா? சத்தமாச் சொல்லுங்க சார்.

ரெண்டு புள்ளி எட்டு.

பின்னாடி நிக்கிறவங்களுக்கும் தெரியட்டும்னுதான் சார் பெருசு பண்ணினேன். ஆபீஸ்ல யாரும் இல்லை, ஞாயித்துக்கிழமை. சின்னத் தாள்ல இருந்த மேப்பைப் பெரிய தாளுக்கு ஏத்துனு மெஷின்ல பட்டனை அமுக்கினேன். சூடா வந்துச்சு, சுருட்டிக்கிட்டு ஓடி வந்தேன். நூலை அளந்தேன். பன்னெண்டு சென்டிமீட்டர். எல்லாம் சரியாத்தான் பண்ணினேன். எதிர் நாற்காலியில கேக்குறதுக்கு ஆள் இல்லை, அவ்ளோதான். கேக்குற ஆளைத்தான் தேடிட்டு இருந்தோம்.

அந்தச் சிவப்புக் கோடு ஆறு கிலோமீட்டர் இல்லை சார். நாலேகால். ஐம்பத்தாறு சதுர கிலோமீட்டர் இல்லை, இருபத்தெட்டு. உங்க பசங்க வேகமாவும் இல்லை, மெதுவாவும் இல்லை, ஒழுங்காத்தான் தேடினாங்க. பாதியைத் தேடினாங்க. மிச்சப் பாதியில யாரும் கால் வைக்கலை. அதுலதான் சார் அந்த ஓடை இருக்கு, பாருங்க, நீலமா, கோட்டுக்கு அந்தப் பக்கம். தண்ணி இருக்குற இடம். அண்ணன் பையில பிஸ்கட் பாக்கெட் இருக்கும், குடை இருக்கும். தண்ணி பக்கத்துல ஒரு மனுஷன் அஞ்சு நாள் தாங்க மாட்டாரா? தாங்குவாரு. நின்ன இடத்துலயே நிப்பாரு. யாராவது வருவாங்கனு நம்பிக்கிட்டு உக்காந்திருப்பாரு, எனக்கு அவரைத் தெரியும். உக்காந்து கத்துவாரு. வெறும் கலர்ல உக்காந்து கத்திட்டு இருக்காரு சார் எங்க அண்ணன். நான் போட்ட கோட்டுக்கு வெளிய.

அழலை. இல்ல, அழலை. பதினேழு சென்டிமீட்டர்னு நூலை அளந்து திருப்பிச் சுத்துங்க, அந்தத் தாள்லயே இடம் இருக்கு, நான் பாத்துட்டேன். நீங்களே சுத்துங்க, என்னைச் சுத்தச் சொல்லாதீங்க. பசங்களைக் கூப்பிடுங்க. வாக்கி டாக்கி எங்க, இந்தா இருக்கு, எடுங்க. அந்த ஓடைப் பக்கம் முதல்ல விடுங்க சார். தண்ணித் தொட்டியிலேருந்து நேரா மேற்க, ஒத்தையடிப் பாதை இருக்கு, அப்புறம் முள்ளு, ஆளு உசரத்துக்கு முள்ளு. அதைத் தாண்டினா சரிவு. நான் சரிவு வரைக்கும் போனேன். அதுக்கு மேல இறங்க முடியலை, காலு பிசகிருச்சு. அண்ணே அண்ணேனு இருட்டுற வரைக்கும் கத்தினேன். ஒருத்தி கத்தினா அந்தக் காடு முழுசுக்கும் எட்டுமா? எட்டலை.

தனியாத்தான் போனேன். நேத்து மத்தியானம்.

இல்லையே, யார்கிட்டயும் சொல்லலை. நானே போய்க் கையோட கூட்டிட்டு வந்துட்டா, தப்பே நடக்காத மாதிரி ஆயிருமேனு நினைச்சேன். எப்பத் தெரியும்னா கேக்கறீங்க? ஆபீஸ்ல மூல மேப்பை டிராயர்ல திருப்பி வைக்கப் போனப்ப தெரிஞ்சுது. நேத்துக் காலையில. சொல்லத்தான் சார் நேரா இங்க ஓடி வந்தேன். வந்தா அண்ணி இருக்காங்க, உன்னாலதான் இவ்ளோ தூரம் தேடினாங்கனு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. இந்த மாதிரி ஒருத்தர் கூட இருந்ததாலதான் வேலை இவ்ளோ சுத்தமா முடிஞ்சுதுனு நீங்க வேற சொல்றீங்க. இதே நாற்காலியில உக்காந்து நீங்க கொடுத்த டீயைக் குடிச்சேன்ல, அப்பவே தெரியும்.